சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள்: திருகோணமலைக்கு முதல் கடமைக்கு வரும் கொஸ்தாபல்களுக்கு

களுத்துறையிலோ கல்லடியிலோ பயிற்சியை முடித்து, வெளியேறும் அணிவகுப்பன்று அம்மா அப்பாவோடு படம் பிடித்துக்கொண்டு, பெட்டியும் கையுமாகத் திருகோணமலையில் வந்திறங்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இருபத்தேழு ஆண்டுகள் பொலிஸ் சேவையில் இருந்து சார்ஜன்டாக ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பதினொரு ஆண்டுகள், புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் வைத்து வேலை பழக்குவது என் பொறுப்பாக இருந்தது. அணிநடை, துப்பாக்கி, சட்டப் பாடம் எல்லாம் பயிற்சிப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். நிலையத்துக்கு வந்த பிறகு முதல் ஆறு மாதங்களில் எதை, எந்த வரிசையில் பழக வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

வந்திறங்கிய அன்று

நியமனக் கடிதத்தோடு நேரே நிலையத்துக்குப் போங்கள். உறவினர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாலையில் போகலாம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கடமைக்கு வந்த நேரம் தகவல் புத்தகத்தில் பதிவானதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பொறுப்பதிகாரியைக் கண்டு வணக்கம் செலுத்திய பிறகு, குற்றத்தடுப்பு, போக்குவரத்து, சிறு முறைப்பாடு, சிறுவர் மகளிர் பணியகம் ஆகிய பிரிவுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் உங்கள் பெயரையும் இலக்கத்தையும் சொல்லுங்கள். அந்த ஒரு மணித்தியாலச் சுற்று பிறகு பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சில தொலைபேசி இலக்கங்களை அன்றே எழுதிவிடுங்கள். பொலிஸ் அவசரசேவை 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர் பாதுகாப்பு 1929. இவற்றோடு மாவட்டப் பொது வைத்தியசாலை, நீதவான் நீதிமன்றப் பதிவாளர், பக்கத்து நிலையங்கள். கைத்தொலைபேசியில் இருக்கிறதே என்பீர்கள். மழை இரவில், மின்கலம் தீர்ந்த தொலைபேசியோடு விபத்து நடந்த இடத்தில் நின்றவன் சொல்கிறேன், எழுதி வையுங்கள்.

முதல் வாரம்: நகரத்தை நடந்து பாருங்கள்

கடமை முடிந்த நேரங்களில் சீருடையைக் கழற்றிவிட்டு நடங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்கி, பஸ் நிலையம், சந்தை, பத்திரகாளி அம்மன் கோயில், கடற்கரை, பிரெட்றிக் கோட்டை வாசல், கோணேசர் மலை என்று ஒரு சுற்று. மறுநாள் உட்துறைமுக வீதியால் போய், மூதூருக்குப் படகேறும் துறையைப் பாருங்கள். பிறகு உவர்மலை, திருக்கடலூர், ஜமாலியா, அபயபுர, பாலையூற்று. எந்த ஒழுங்கை எந்த வீதியில் போய் ஏறுகிறது, எங்கே விளக்கு எரிவதில்லை, எந்தக் கடை இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கிறது என்பதெல்லாம் காலில் பதிய வேண்டும். ஜீப்பில் சுற்றியவனுக்கு ஊரின் பெரிய வீதிகள் மட்டும்தான் தெரியும்.

எல்லைகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நகரத்தின் தலைமையக நிலையம் ஒருபுறம், துறைமுகப் பொலிஸ் ஒருபுறம், வடக்கே உப்புவெளி, மேற்கே சீனக்குடா. எல்லை தெரிந்திருப்பது யாரை உடனே அழைக்க வேண்டும் என்று முடிவெடுக்கத்தான். வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். பணப்பையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணை, "அது எங்கள் பகுதி இல்லை, அம்மா" என்று இரண்டு நிலையங்கள் மாறி மாறி அனுப்பியதை நான் கண்டிருக்கிறேன். மூன்றாவது இடத்துக்கு அவர் போகவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார். முறைப்பாட்டை வாங்கி எழுதுங்கள். உரிய நிலையத்துக்கு அனுப்புவது பொலிஸாரின் வேலை.

இந்த ஊருக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்கள், ஆடி அமாவாசைக் கடற்கரை, நோன்பு காலத்து இரவுத் தொழுகை, வெசாக், மே தொடக்கம் செப்ரெம்பர் வரை உப்புவெளி நிலாவெளிப் பக்கம் நிறையும் உல்லாசப் பயணிகள், நவம்பரில் கொட்டத் தொடங்கும் வாடைக்கால மழை. இவற்றைக் குறித்து வைத்தால் எந்த நாளில் எங்கே சனம் கூடும், எந்த மாதத்தில் எந்தத் தாழ்நிலத்தில் வெள்ளம் ஏறும் என்பது முன்கூட்டியே தெரியும்.

காந்தி சிலையடிக்குப் போகும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, அந்தக் கடற்கரையோரம் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பொலிஸின் விசேட அதிரடிப் படையினர் சந்தேக நபர்களாக நிறுத்தப்பட்ட அந்த வழக்கில், போதிய சாட்சியம் இல்லை என்று 2019 இல் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள், சிலர் பிறந்தே இருக்கமாட்டீர்கள். ஆனால் நாளைக்கு உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் ஐம்பது வயதுக்காரர் அதை மறந்தவர் அல்ல. காக்கிச் சட்டைக்கு முன்னால் அவர் வாய் திறக்கத் தயங்கினால், பொய் சொல்லத் தடுமாறுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பொறுத்திருங்கள்.

முறைப்பாட்டு மேசை

இந்தப் பகுதிக்காகத்தான் முழுக் கட்டுரையையும் எழுத உட்கார்ந்தேன். கொலை, கொள்ளை, துரத்திப் பிடித்தல் என்று கற்பனையோடு வருகிற பிள்ளைகளுக்கு முறைப்பாட்டு மேசை சலிப்பாக இருக்கும். அடையாள அட்டை தொலைந்தவர், பக்கத்து வளவுக்காரனோடு வேலிச் சண்டை பிடித்தவர், மாடு பயிரை மேய்ந்தது என்பவர் என்று நாள் முழுக்க வந்துகொண்டிருப்பார்கள். ஆனால் ஒரு வழக்கு வெல்வதும் தோற்பதும் அந்த மேசையில், முதல் அரை மணித்தியாலத்தில் எழுதப்படும் எழுத்தில்தான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகத் தரப்படும் தகவலை அது தரப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும், கையொப்பம் வாங்க வேண்டும். அந்த மொழியில் எழுத உங்களால் முடியாவிட்டால், அவரையே தன் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கும் எழுத முடியாதபோதுதான் வேறு தேசிய மொழியில் எழுதி, அதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லலாம். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் எழுதுவது நீங்கள் செய்யும் தயவு அன்று, வந்தவரின் உரிமை.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். சேவைக்கு வந்து இரண்டாம் ஆண்டு, ஒரு கரையோர நிலையத்தில் இருந்தேன். வயதான மீனவர் ஒருவர் விடியற்காலையில் வந்தார். சாரத்தின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. கையில் அறுந்த வலைத் துண்டு ஒன்றைச் சுருட்டிப் பிடித்திருந்தார். "வலை அறுந்து கிடந்தது" என்றார். யார் மேல் சந்தேகம் என்று கேட்டேன், ஒருவரின் பெயரைச் சொன்னார். அந்த நிலையத்தில் புத்தகம் சிங்களத்தில்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்று காட்டிக்கொள்ளும் வயது. மளமளவென்று எழுதினேன். இன்னார் என் வலையை அறுத்துவிட்டார் என்று எழுதினேன். வாசித்துக் காட்டவில்லை. அவர் பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டுப் போனார்.

பதினாறு மாதம் கழித்து வழக்கு வந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவர் அறுத்ததை நீங்கள் கண்டீர்களா? மீனவர் உண்மையான மனிதர். "நான் காணவில்லை, ஐயா. அறுந்து கிடந்ததைத்தான் கண்டேன்" என்றார். பொலிஸில் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறீர்களே என்று வாக்குமூலத்தைக் காட்டினார்கள். கூண்டிலிருந்து அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சொன்னது அறுந்தது. நான் எழுதியது அறுத்தது. ஓர் எழுத்து மெலிந்ததும் வலிந்ததும்தான் வித்தியாசம். அதில் ஒரு கிழவர் ஊருக்கு முன்னால் பொய்யர் ஆனார். சிங்களத்திலும் அந்த இரண்டுக்கும் வெவ்வேறு சொல் இருக்கிறது. மொழிமேல் குற்றம் சொல்ல இடமில்லை, குற்றம் என்னுடையது.

அதற்குப் பிறகு நான் பழகிய முறை இது. என் மேசையில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இதையே பழக்கினேன்.

முதலில் அவரை உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். பேனையை எடுக்காமல், "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டு முழுக் கதையையும் ஒருமுறை கேளுங்கள். இடையில் மறிக்க வேண்டாம். "அடித்தானா? கத்தி வைத்திருந்தானா?" என்று நீங்களே எடுத்துக்கொடுத்தால் பயந்த மனிதர் எல்லாவற்றுக்கும் ஓம் என்பார். அந்த ஓம் நீதிமன்றத்தில் நிற்காது.

இரண்டாவது முறை சொல்லச் சொல்லி, அப்போது எழுதுங்கள். அவருடைய சொல்லையே எழுதுங்கள். படலை என்றால் படலை, கதவு என்று மாற்ற வேண்டாம். கத்தி என்றவரின் வாயில் வாளைத் திணிக்க வேண்டாம். சொல்லைத் தொடாமல், சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் கேள்வி கேட்டு விளக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். "மச்சான் வந்தார்" என்று ஒருவர் சொன்னால், அது மனைவியின் சகோதரனா, மாமன் மகனா, கூடித் திரியும் சிநேகிதனா? நம் ஊரில் மூன்றும் மச்சான்தான். "சுபஹுத் தொழுகை முடிந்து வரும்போது" என்று கிண்ணியாக்காரர் ஒருவர் சொன்னால், அந்த வாசகத்தை அப்படியே எழுதி, எந்தப் பள்ளிவாசலில் தொழுதார், மணி என்ன இருக்கும் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். அந்தப் பள்ளிவாசலில் கூடத் தொழுதவர்கள் நாளைக்கு நேரத்துக்குச் சாட்சி ஆவார்கள். "பொழுதுபடும் நேரம்" என்பவரிடம், வீட்டில் விளக்குப் போட்டாயிற்றா இல்லையா என்று கேளுங்கள். ஆளின் முகம் அடையாளம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்ததா என்பது அங்கேதான் தெரியவரும்.

கண்டது, கேட்டது, நினைத்தது மூன்றையும் பிரித்து எழுதுங்கள். கண்ணால் கண்டது என்ன, மற்றவர் சொல்லக் கேட்டது எது, சொன்னவர் யார், வெறும் சந்தேகம் எது. இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எழுதி முடித்ததும் மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். திருத்தச் சொன்னால் முகம் சுளிக்காமல் திருத்துங்கள். பிறகு கையொப்பம், எழுதத் தெரியாதவரென்றால் பெருவிரல் அடையாளம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள். அந்தத் துண்டு இல்லாமல், இரண்டு கிழமை கழித்து "என் முறைப்பாடு என்னவாயிற்று" என்று கேட்க வருகிறவர் வாசலிலேயே தொலைந்துபோவார்.

மரியாதை பற்றியும் சொல்ல வேண்டும். "நீ" என்று தொடங்காதீர்கள். நம் பக்கம் வழங்கும் "நீர்" கூட வேண்டாம், சீருடையோடு சொல்லும்போது அது மிரட்டலாகத்தான் கேட்கும். எல்லோருக்கும் "நீங்கள்". பெரியவர்களுக்கு ஐயா, அம்மா போதும். முஸ்லிம் ஊர்களில் காக்கா, ராத்தா என்று அழைத்தால் முகம் மலரும். ஆனால் மனதில்லாமல் ஒப்புக்கு அழைத்தால் உடனே கண்டுகொள்வார்கள்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 40 சதவீதம், இலங்கைத் தமிழர் 30, சிங்களவர் 27. ஆகவே தமிழ் மட்டும் தெரிந்தாலும் போதாது. அபயபுரவிலிருந்தோ கந்தளாயிலிருந்தோ வருகிற ஒரு சிங்கள அம்மாவுக்கும் தன் மொழியில் சொல்லும் அதே உரிமை இருக்கிறது. உங்கள் சிங்களம் அரைகுறை என்றால் அதை மறைக்காமல், பக்கத்தில் இருக்கும் சிங்களச் சகோதரரை அழையுங்கள். அவருக்குத் தமிழ் தேவைப்படும்போது நீங்கள் எழுந்து போங்கள். விடுதியில் ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்குப் பத்துச் சொல் மாற்றிக்கொண்டாலே ஆறு மாதத்தில் இரண்டு நல்ல எழுத்தர்கள் கிடைப்பார்கள். அப்படிப் பழகிய ஒரு சோடியை நான் அறிவேன். ஒருவர் குருநாகல், மற்றவர் மூதூர். இன்றைக்கு இருவரும் மற்றவர் மொழியில் வாக்குமூலம் எழுதுகிறார்கள்.

குறிப்புப் புத்தகம்

நிகழ்ந்த நேரத்தை இருபத்துநான்கு மணி முறையில், நிகழ்ந்த உடனேயே எழுதுங்கள். வரிக்கு நடுவே இடம் விட வேண்டாம், பக்கம் கிழிக்க வேண்டாம். பிழைத்தால் ஒரு கோடு இழுத்து, அடியில் தெரியும்படி விட்டு, பக்கத்தில் குறுங்கையொப்பம் வையுங்கள். அறைக்குப் போய் ஆறுதலாக எழுதலாம் என்று விட்டவர்கள் எல்லோரும் ஒருநாள் நீதவானுக்கு முன்னால் வியர்த்திருக்கிறார்கள்.

கைது

தனியாகக் கைது செய்யும் நிலை முதல் மாதங்களில் அதிகம் வராது. வந்தால் இந்த ஒழுங்கை விடாதீர்கள். ஆளிடம் உங்கள் பெயரைச் சொல்லி, என்ன குற்றத்துக்காகப் பிடிக்கிறீர்கள் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரையும் சட்டக்கோவையின் 23 ஆம் பிரிவும் இதைத்தான் கேட்கின்றன. "நிலையத்துக்கு வா, அங்கே சொல்கிறேன்" என்பது காரணம் சொன்னதாகாது. தப்பி ஓடாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது. பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண் ஒருவரே, கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும். பெண் கொஸ்தாபல் இல்லை என்றால் வரும்வரை காத்திருங்கள். பிடித்த நேரத்தை அந்த இடத்திலேயே எழுதுங்கள், ஏனென்றால் அந்த நிமிடத்திலிருந்து உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. சாதாரண குற்றங்களுக்கு, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வீட்டாருக்கு அறிவியுங்கள். சட்டத்தரணி நிலையத்துக்கு வந்தால் முகம் கோணாமல் இடம் கொடுங்கள். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி முன்னிலையாவது பற்றி 2012 இலேயே விதிகள் வந்துவிட்டன.

அடிப்பதைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். மூத்தவர் யாராவது "இரண்டு தட்டுத் தட்டினால் உண்மை வரும்" என்று உங்களிடம் சொல்லக்கூடும். வருவது உண்மையாக இராது, வலி நிற்பதற்காக அவர் சொல்லும் எதுவோ ஒன்றுதான். அதைக் கொண்டு வழக்கும் நடத்த முடியாது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சந்தேக நபருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 25 ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. சித்திரவதைக்கு எதிரான சமவாயச் சட்டம், 1994 இன் 22 ஆம் இலக்கம், குற்றவாளியாகக் காணப்படுகிறவருக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டுவரை சிறை என்கிறது. மேலதிகாரி சொன்னார் என்பது அங்கே தப்பிக்கும் வழி ஆகாது. பாதிக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவும் போடலாம், இந்த ஊரிலேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கும் போகலாம். தண்டனைக்குப் பயந்து மட்டும் இதை எழுதவில்லை. கூட்டில் அடைபட்ட ஒருவர் உங்கள் காவலில் இருக்கிறார், அவர் உடம்புக்கு அந்த இரவு நீங்கள்தான் பொறுப்பு. கைது செய்தவுடன் உடம்பில் ஏற்கெனவே உள்ள காயங்களைக் குறித்து வையுங்கள், தேவையென்றால் சட்டவைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள்.

போதைப்பொருள் போன்ற சான்றுப்பொருள்களை எடுத்தால், எடுத்த இடத்திலிருந்து முத்திரை வைக்கும்வரை உங்கள் கண்ணை விட்டு அகலக் கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்பது ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். இடையில் ஓர் அரை மணித்தியாலம் கணக்கில் வராமல் போனால் போதும், வழக்கு அந்த ஓட்டையால் ஒழுகிவிடும்.

பெண்களும் பிள்ளைகளும்

கணவன் அடித்துவிட்டான் என்று இரவில் ஒரு பெண் வந்தால், "குடும்ப விடயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புவதுதான் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அப்படி அனுப்பப்பட்ட பெண்களில் எத்தனை பேர் திரும்பி வரும்போது வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இதைச் செய்யாதீர்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள்வரையும், முழுக் கட்டளை 12 மாதம்வரையும் நிற்கும். இதை அவருக்குத் தமிழில், பொறுமையாக விளக்குங்கள். அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தனி அறை, பெண் உத்தியோகத்தர், சட்டவைத்தியப் பரிசோதனைப் படிவம் என்ற மூன்றையும் உடனே ஒழுங்குசெய்யுங்கள். காயம் ஆறுவதற்கு முன் வைத்தியர் பார்க்க வேண்டும். இலங்கைப் பொலிஸில் 1952 இலேயே பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். இருந்தும் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் இன்றும் போதவில்லை. அதனால் இதை வாசிக்கும் தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்களை எப்போதும் தட்டச்சு மேசையிலோ வரவேற்பிலோ உட்கார வைத்தால், விசாரணைக் கடமையும் பழக வேண்டும் என்று மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் வாக்குமூலம் எடுக்கும்போது அவர்கள் உயரத்துக்கு நீங்கள் குனிந்து உட்காருங்கள். நம்பிக்கையான ஒருவர் கூட இருக்கட்டும். பிள்ளையின் பெயரோ, ஊரோ, பள்ளிக்கூடமோ தேநீர்க் கடைப் பேச்சில்கூட உங்கள் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது.

வீதிக் கடமை

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், இரண்டு நாள் வெயிலில் நின்றால் மீதி தானே வரும். காலை ஏழரைக்கு முன்னும் பிற்பகல் ஒன்றரைக்குப் பின்னும் பள்ளிக்கூட வாசல்கள், மற்ற நேரங்களில் பஸ் நிலையமும் அனுராதபுரச் சந்தியும். வாகனத்தை மறிக்கும்போது பின்னால் வருகிறவர் நிறுத்த இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேச்சு "அனுமதிப்பத்திரத்தைக் காட்டுங்கள்" என்று தொடங்கட்டும். தண்டப் பத்திரம் கொடுப்பதென்றால் கொடுங்கள், மன்னிப்பதென்றால் மன்னித்து விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு வழி இருக்கிறதாக யாராவது காட்டித் தந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இந்த நகரத்தில் மான்கள் வீதியில் திரியும். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, கடை வாசல்களில் மரக்கறித் தோல் தின்றுவிட்டு, இரவில் நடுவீதியில் படுத்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் படம் எடுப்பார்கள், எடுங்கள். இரவு ரோந்தில் அவற்றை மெல்ல ஓரமாக்கி விடுவதும் உங்கள் வேலைதான். மான் அடிபட்டால் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வருமுன், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

நீதிமன்றம்

உங்கள் பெயருக்கு முதல் அழைப்பாணை வருவதற்கு முன்பே நீதிமன்றத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். விடுமுறை நாளொன்றில், நீதிமன்றம் கூடும் கிழமையாகப் பார்த்து, சாதாரண உடுப்பில் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். மூத்த உத்தியோகத்தர் ஒருவர் சாட்சி சொல்வதைக் கவனியுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாரா? தெரியாததைத் தெரியாது என்கிறாரா? குறுக்கு விசாரணையில் கோபம் வருகிறதா? குறிப்பைப் பார்த்துச் சொல்ல அனுமதி கேட்கிறாரா? சாட்சி சொல்ல வந்த பொதுமக்களையும் பாருங்கள். காலையிலிருந்து மரத்தடியில் காத்திருப்பார்கள், கடலையோ வெற்றிலையோ மடியில் இருக்கும், ஒருநாள் உழைப்பை விட்டு வந்திருப்பார்கள். உங்கள் வழக்கின் சாட்சி வந்திருந்தால் போய்ப் பேசுங்கள், குடிக்கத் தண்ணீர் எங்கே, எந்த மண்டபம், எத்தனையாவது வழக்கு என்று சொல்லுங்கள். என்ன சாட்சி சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அந்த மீனவர் வழக்கு முடிந்து வெளியே வந்தபோது நான் அவரிடம் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதற்கடுத்த கிழமையிலிருந்து என் மேசையில் எழுதப்பட்ட எந்த வாக்குமூலமும் வாசித்துக் காட்டப்படாமல் மூடப்பட்டதில்லை.

நீதிமன்ற வளாகம் ஒன்பது மணிக்கு முன்பே நிறைந்துவிடும். எட்டரைக்குப் போங்கள், பின்வரிசையில் இடம் கிடைக்கும்.